தோட்டப் பாடசாலையும் கோமறைக் கழகமும்

2004ஆம் ஆண்டு மே மாதம் அது. கொழும்பில் நான் பணியாற்றிய நாளிதழின் செய்தி மேசையில் அமர்ந்து, அமெரிக்காவிலிருந்து வந்த செய்தி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடங்களில் இனப் பாகுபாடு சட்ட விரோதம் என அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து ஐம்பது ஆண்டுகள் நிறைவடைந்ததைப் பற்றிய செய்தி. அடுத்த மேசையிலிருந்த மூத்த நண்பர் என் தோளுக்கு மேலாக அதை வாசித்தார். அவரும் என்னைப் போலவே ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் பிறந்தவர்.

"தம்பி, அவங்களுக்கு ஒரு வழக்கு இருந்துச்சு. நம்ம தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு யார் வழக்குப் போட்டாங்க?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. பிற்பாடு பழைய சட்டத் தொகுப்புகளையும் தீர்ப்புகளையும் புரட்டியபோது ஒன்று புலப்பட்டது. தோட்டப் பாடசாலைக்காக எவரும் நீதிமன்றப் படியேறவில்லை. ஆனால் அந்தப் பாடசாலையின் தலையெழுத்தையும் சேர்த்தே தீர்மானித்த வழக்கு ஒன்று இருந்தது. அமெரிக்கத் தீர்ப்புக்கு ஓராண்டு முன்னர், 1953இல், லண்டனில் அது முடிவுக்கு வந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் வழக்கில் வென்றார்கள். நாம் நம்முடைய வழக்கில் தோற்றோம். அந்தத் தோல்வியின் கதையே இது.

முதலில் அமெரிக்க வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1896இல் பிளெஸ்ஸி எதிர் பெர்கஸன் வழக்கில், வசதிகள் சமமாக இருக்குமானால் வெள்ளையரையும் கறுப்பரையும் தனித்தனியே வைப்பதில் தவறில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் நிழலில் தென் மாநிலங்களெங்கும் இரு வகைப் பள்ளிகள் வளர்ந்தன. கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் லிண்டா பிரவுண் என்ற சிறுமி, வீட்டுக்கு அருகிலிருந்த வெள்ளையர் பள்ளியைத் தாண்டித் தொலைவிலிருந்த கறுப்பர் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. அவளுடைய தந்தை ஆலிவர் பிரவுணும் வேறு பெற்றோரும் வழக்குத் தொடுத்தனர். தென் கரோலினா, வர்ஜீனியா, டெலவெயர் ஆகிய மாநிலங்களின் வழக்குகளும் அதனுடன் சேர்க்கப்பட்டன. வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தலைமையில் வாதம் நடந்தது. 1954 மே 17ஆம் திகதி பிரதம நீதியரசர் ஏர்ல் வாரன் ஒன்பது நீதியரசர்களின் ஏகமனதான தீர்ப்பை வாசித்தார். பிள்ளைகளைப் பிரித்துவைப்பதே சமத்துவத்தை மறுப்பதாகும் என்பது அதன் சாரம்.

இனி நம்முடைய மலைகளுக்கு வருவோம். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அறுவடைக் காலத்துக்கு வந்து திரும்பிப் போகிறவர்களாக இருந்தார்கள். 1880களில் கோப்பி அழிந்து தேயிலை பரவியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். பெண்கள் வேண்டும். எனவே குடும்பங்கள் வந்து லயங்களில் நிலைத்தன. லயத்தில் பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தப் பிள்ளைகளை என்ன செய்வது என்ற கேள்வி தோட்ட நிர்வாகத்துக்கு அப்போதுதான் எழுந்தது. சற்றே வளர்ந்த பிள்ளைக்கு அரைப்பேர் போட்டு மலைக்கு அனுப்புவதே அவர்கள் கண்ட எளிய வழி. 1854 முதல் இயங்கிய தமிழ்க் கூலி மிஷன் போன்ற கிறிஸ்தவ சபைகள் சில இடங்களில் பள்ளிகளை நடத்தின. மற்ற இடங்களில் லயத்து அறையொன்றில் நாலெழுத்துத் தெரிந்த ஒருவர் பிள்ளைகளை உட்காரவைத்து அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார்.

அரசாங்கம் தலையிட்டது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம் தோட்டங்களைப் பற்றியும் பேசியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையின் மீது சுமத்தியது. வாசிப்பதற்கு இது நல்ல ஏற்பாடாகத் தோன்றும். அதன் உள்ளே இருந்த சூட்சுமம் வேறு. நாட்டின் ஏனைய பிள்ளைகளின் கல்விக்கு அரசாங்கமும் மத சபைகளும் பொறுப்பு. தோட்டத்துப் பிள்ளையின் கல்விக்கு அவனுடைய தகப்பனின் எசமான் பொறுப்பு. பிள்ளை பத்து வயதுக்கு மேல் படிக்க வேண்டும் என்ற கட்டாயமும் அங்கே இருக்கவில்லை. படித்த பிள்ளை மலைக்கு வராது என்பதை நன்கறிந்த ஒருவரிடமே அந்தப் பிள்ளையைப் படிக்கவைக்கும் கடமை ஒப்படைக்கப்பட்டது.

இவ்வாறு 'தோட்டப் பாடசாலை' என்பது சட்டத்தில் ஒரு தனிச் சாதியாயிற்று. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு. அதற்கு அப்பால் கதவு இல்லை. துரைமாரின் பிள்ளைகளுக்கு இங்கிலாந்து இருந்தது. நுவரெலியாவில் ஹில் ஸ்கூல் இருந்தது. கங்காணிமாரில் வசதி படைத்தவர்கள் பிள்ளைகளைக் கண்டிக்கும் கொழும்புக்கும் அனுப்பினார்கள். 1931இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, தொழில் அமைச்சரான பெரி. சுந்தரம் கேம்பிரிட்ஜில் படித்த பாரிஸ்டர். ஆனால் அவரைத் தெரிவு செய்த மக்களின் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தூக்கினார்கள்.

1943இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு தன் அறிக்கையை வெளியிட்டது. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிப் படிக்கலாம் என்ற அந்த ஏற்பாடும், நாடெங்கும் எழுந்த மத்திய கல்லூரிகளும் கிராமத்து ஏழைகளின் வாழ்க்கையையே மாற்றின. கன்னங்கராவுக்கு இந்த நாடு பெரிதும் கடன்பட்டிருக்கிறது. எனினும் தோட்டப் பாடசாலை அப்போதும் வேறு பட்டியலிலேயே கிடந்தது. 1947ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவற்றை அரசாங்கப் பாடசாலைகளாக மாற்ற வழி செய்தது. ஆனால் அதன்படி உண்மையில் மாறியவை மிகச் சிலவே.

ஏன் மாறவில்லை? மாற்றச் சொல்லி வற்புறுத்தக்கூடியவர்களின் கையிலிருந்த ஒரே ஆயுதம் அதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் பறிக்கப்பட்டது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை ஆகியோர் அந்த எழுவரில் இருவர். வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களின் வெற்றிக்கும் தோட்டத்து வாக்குகள் துணைநின்றன. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் முப்பாட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்க வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயங்களில் இந்தச் சான்றுக்கு எங்கே போவது? 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜை அல்லாதவர் வாக்காளர் ஆக முடியாது என்றது. இரு சட்டங்களிலும் 'இந்தியத் தமிழர்' என்ற சொல் இல்லை. ஆயினும் இரண்டும் சேர்ந்தபோது மலையகத்தின் வாக்காளர் பட்டியல் கரைந்துபோயிற்று. 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இதை எதிர்த்தே அந்த வழக்கு எழுந்தது. கேகாலை மாவட்டத்தின் ருவான்வெல்லைத் தொகுதியில், கோடக்கன்பிள்ளை என்பவர் தம் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கக் கோரினார். பதிவு அதிகாரி முதனாயக்க மறுத்தார். விடயம் மீளாய்வு அதிகாரி சிவஞானசுந்தரத்திடம் போயிற்று. அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தாருக்கு மட்டும் இடையூறு விளைவிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற முடியாது என்று கூறியது. அதைச் சுட்டிக்காட்டி, குடியுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் செல்லாதவை என்று அவர் துணிந்து தீர்மானித்தார். ஓர் அதிகாரியின் மேசையில், சில காலத்துக்கேனும், நம் மக்கள் வென்றிருந்தார்கள்.

1951இல் கொழும்பு உயர் நீதிமன்றம் அந்தத் தீர்மானத்தை இரத்துச் செய்தது. வழக்கு அக்காலத்தில் இலங்கைக்கும் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு, அதாவது கோமறைக் கழகத்துக்குச் சென்றது. 1953இல் மேன்முறையீடு தள்ளுபடியாயிற்று. தன் பிரஜைகள் யார் என்பதைத் தீர்மானிப்பது எந்த நாட்டுச் சட்டசபைக்கும் இயல்பான உரிமை. இந்தியத் தமிழர்கள் வந்துபோகும் வழக்கமுடையவர்கள் என்பது அவர்களது தகுதியைப் பொறுத்த விடயமேயன்றி அவர்களை ஒரு சமூகமாகப் பாதிக்கும் விடயமன்று என்பதே நீதிபதிகள் கண்ட நியாயம். தேயிலைக்காகத் தலைமுறை தலைமுறையாக ஒரே லயத்தில் நிலைத்துவிட்ட மக்களைப் பார்த்து, வந்துபோகிறவர்கள் என்று சொல்லப்பட்டது. அரசியலமைப்பை வகுத்த சோல்பரிப் பிரபுவே பத்தாண்டுகளின் பின், 1963இல், பி. எச். பார்மரின் நூலுக்கு எழுதிய முன்னுரையில், அடிப்படை உரிமைகளை அரசியலமைப்பில் உறுதிப்படுத்தாமல் விட்டதற்காக வருந்தினார். ஆனால் காலம் கடந்திருந்தது.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். டொபீகாவில் சாத்தியமான வழக்கு ஹட்டனில் ஏன் சாத்தியமாகவில்லை?

முதற் காரணம், சட்டத்தின் மொழி. கான்சாஸில் பிரித்துவைக்க அனுமதித்த சட்டம் நிறத்தின் பெயரை வெளிப்படையாகச் சொன்னது. நம்முடைய கல்விச் சட்டம் இனத்தைச் சொல்லவில்லை. 'தோட்டம்' என்று இடத்தைச் சொன்னது. அந்த இடத்தில் இருந்தவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சட்டப் புத்தகத்துக்குத் தெரியாது. குடியுரிமைச் சட்டத்திலும் இதே உபாயம்தான். எழுத்தில் பொதுவாக இருந்தால் பாகுபாடு இல்லை என்று 1953இல் லண்டன் ஏற்றுக்கொண்ட பிறகு, தோட்டப் பாடசாலையைப் பற்றி வழக்காட யாருக்கு மனம் வரும்? நியாயத்துக்காக மொழியையும் சொல்ல வேண்டும். அயற் கிராமத்துப் பாடசாலை சிங்கள மொழியில் நடந்தது. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடசாலை வேண்டியதே. தனிப் பாடசாலை என்பது இங்கு குற்றமன்று. தரமற்ற, ஐந்தோடு முடிகிற, எசமானுக்குச் சொந்தமான தனிப் பாடசாலை என்பதே குற்றம்.

இரண்டாம் காரணம், உரிமையின் அடித்தளம். அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு எத்தனையோ கொடுமைகள் இழைக்கப்பட்டன. ஆயினும் உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த 14ஆவது திருத்தம், 1868இலேயே அவர்களைப் பிரஜைகளாக்கிச் சட்டத்தின் சமபாதுகாப்பையும் எழுதிவைத்திருந்தது. மார்ஷல் அதைக் கையில் பிடித்துக்கொண்டே வாதாடினார். நம்மவர்கள் பிடித்துக்கொள்ள இருந்தது 29ஆம் பிரிவு மட்டும். அதுவும் 1953இல் கைநழுவியது. நாடற்றவன் எந்த அரசாங்கத்திடம் போய்ப் பாடசாலை கேட்பான்?

மூன்றாம் காரணம், முன்னுரிமை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களாகிவிட்ட நிலையில், தொழிற்சங்கங்களின் முழுப் பலமும் குடியுரிமைக்கே செலவாயிற்று. 1952இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடந்தது. இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பித்து, ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே குடியுரிமை கிட்டியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எந்தக் கப்பலில் போவோம் என்று தெரியாத குடும்பம், பிள்ளையை ஆறாம் வகுப்புக்கு எங்கே அனுப்புவது என்று யோசிக்குமா?

இதற்கு மிகத் தெளிவான சான்று 1960, 1961ஆம் ஆண்டுகள். உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. நாட்டின் கல்வி வரலாற்றில் அது பெரிய திருப்பம். மதசபைகளின் பாடசாலைகள் அரசுடைமையாயின. தோட்டப் பாடசாலைகள் மட்டும் வெளியே விடப்பட்டன. நாடாளுமன்றத்தில் அதற்காக வாதாட அந்த மக்களின் வாக்கால் தெரிவானவர் ஒருவர்கூட அப்போது இல்லை.

கதவு திறந்தது 1970களில். அதுவும் கல்விக்காகத் திறக்கவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. தோட்டத்தோடு அதன் பாடசாலையும் வந்தது. 1970களின் பிற்பாதியில் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாகக் கல்வி அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டன. அப்போது நான் முதலாம் வகுப்பில் இருந்தேன். ஒருநாள் பெரிய வாத்தியார் புதிய பெயர்ப்பலகையை ஆணியடித்தார். தகரக் கூரையும் மண் தரையும் அப்படியே இருந்தன. முதல் மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் ஒன்றையொன்று மிஞ்சிச் சத்தமிட்டுப் படித்தன. 1973, 74ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்திருந்த காலம் அது. பெயர்ப்பலகை மாறியதில் பெரிதாக என்ன இருக்கிறது என்று என் தாயார் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

பலகைக்குப் பின்னால் உண்மையான மாற்றம் வரத் தொடங்கியது, வாக்குக்கு மீண்டும் மதிப்பு வந்த பிறகே. 1977இல் நுவரெலியா - மஸ்கெலியா மூவர் தொகுதியில் தொண்டமான் மூன்றாம் உறுப்பினராகத் தெரிவாகி, மறு ஆண்டு அமைச்சரானார். 1986, 1988ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றவர்களில் பெரும்பாலோரைப் பிரஜைகளாக்கின. அதே காலத்தில்தான் சுவீடனின் உதவியோடு பாடசாலைக் கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்து இளைஞர்கள் ஆசிரியர்களாக நியமனம் பெற்றார்கள். ஜெர்மனியின் உதவியுடன் கொட்டகலை, பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி எழுந்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை வழங்கியது. 1948இல் தொடங்கிய அநீதி சட்டப் புத்தகத்திலிருந்து அகல 55 ஆண்டுகள் ஆயின. தொண்டமானின் அரசியலோடு நமக்கு ஆயிரம் மாறுபாடுகள் இருக்கலாம். ஆனால் பாடசாலையும் ஆசிரியர் நியமனமும் வாக்குப் பெட்டியின் வழியாகவே மலையேறின என்பதை மறுக்க முடியாது.

அமெரிக்காவிலும் தீர்ப்பு வெளிவந்த மறுநாளே பள்ளிகள் திறந்துவிடவில்லை. 1957இல் லிட்டில் ரொக் நகரில் ஒன்பது மாணவர்கள் பள்ளிக்குள் போக இராணுவம் துணைவர வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்து பத்தாண்டுகள் நெருங்கிய பிறகும் தென் மாநிலங்களின் கறுப்பினப் பிள்ளைகளில் வெள்ளையருடன் சேர்ந்து படித்தவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைகள் சட்டமும் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமும் வந்த பிறகே நிலைமை வேகமாக மாறியது. அவர்கள் தீர்ப்பை முதலில் பெற்று, பின்னர் வாக்கைப் பெற்றார்கள். நாம் தீர்ப்பை இழந்து, வாக்கை மீட்டு, அதன் பிறகு பாடசாலையைப் பெற்றோம். இடையில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் கொழுந்துக் கூடையோடு போய்விட்டார்கள்.

2023இல் மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவடைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். காணி, வீடு, சம்பளம், மொழி என்று பல கோரிக்கைகள் எழுந்தன. கல்வியும் அவற்றில் ஒன்று. இன்று மலையகத்திலிருந்து மருத்துவரும் பொறியியலாளரும் பேராசிரியரும் வருகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆயினும் உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தமிழில் படிக்க வசதியுள்ள பாடசாலைகள் அங்கே தேவைக்குக் குறைவு. கணித, விஞ்ஞான ஆசிரியருக்காகக் காத்திருக்கும் மலைமேற் பாடசாலைகள் இன்னும் இருக்கின்றன.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அன்று கோடக்கன்பிள்ளைக்கு இல்லாத ஒன்று இன்றைய பெற்றோரின் கையில் இருக்கிறது. அவர்கள் இந்த நாட்டின் பிரஜைகள். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சமத்துவத்தை அடிப்படை உரிமையாக எழுதியிருக்கிறது. அது மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு பாடசாலைக்குக் காலங்காலமாக ஆசிரியர் இல்லையென்றால், அதை மனுக் கொடுத்துக் கேட்கும் சலுகையாக மட்டும் கருதாமல், வழக்காடிக் கேட்கும் உரிமையாகவும் நம் இளம் சட்டத்தரணிகள் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

என் நண்பர் சில ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். அவரிடம் நான் சொல்லாமற்போன பதிலையே இங்கு எழுதியிருக்கிறேன். நமக்கும் ஒரு வழக்கு இருந்தது, அண்ணே. வாக்குக்காகப் போட்ட வழக்கு அது. அதில் தோற்றபோது நம்முடைய பள்ளிக்கூடமும் சேர்ந்து தோற்றது.